கடைவாய்ப் பல்

டாக்டரின் குறடு வெளியே வந்தபோது அதன் நுனியில் பாதிப் பல்தான் இருந்தது.

மீதி உள்ளேயே நொறுங்கிக் கிடந்தது.

"இது விழுந்து முளைக்கிற பல் இல்ல. போனா போனதுதான்," என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல்.

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆசிரியர்கள் அறையைத்தான் அன்று பல் முகாமாக்கியிருந்தார்கள். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவள் அவள் வகுப்பிலேயே கெட்டிக்காரி. எட்டு வயது. போன முகாமில் ஒன்று, இப்போது ஒன்று.

காலையில்தான் டீச்சர் பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் மிட்டாய்க் கடைக்காரரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டு வந்திருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவள் நின்று கேட்கவில்லை.

டாக்டர் மீதிப் பல்லையும் எடுத்துப் பஞ்சை வைத்ததும் அம்மாக்காரி அகப்பட்டாள்.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். பல் பிடுங்கச் சம்மதக் கையெழுத்து வேண்டுமென்று கூப்பிட்டனுப்பியதும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். கழுத்து வியர்வை இன்னும் காயவில்லை.

"ஏம்மா, பெத்துப் போட்டா மட்டும் போதுமா? அழுதா ஒரு மிட்டாயை வாயில திணிச்சிட்டா உங்க வேலை முடிஞ்சுது, இல்ல?"

அம்மாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த மௌனம் டீச்சரின் எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது. குற்றமுள்ளவர்கள்தானே இப்படி நிற்பார்கள்? குழந்தையின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லுடா தங்கம். யாரு உனக்கு இவ்வளவு மிட்டாய் குடுக்கிறது? பயப்படாம சொல்லு."

எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் கை தூக்கிவிடுகிற பிள்ளை. பஞ்சைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தது. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டது.

"கேக்கிறேன்ல?"

"அவளை விட்டுடுங்க டீச்சர்." அம்மாக்காரியின் குரல் எழும்பவே இல்லை. "வீட்டுல ஒண்ணுகூட வாங்கித் தர்றதில்ல. சரியான பதிலுக்கு ஒண்ணுன்னு நீங்க குடுக்கிறதுதான். தினமும் அஞ்சு, ஆறு கொண்டு வந்து காட்டுவா. எங்க குடும்பத்துல படிச்சவங்க யாருமில்ல. திங்காதேன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

குறட்டைத் தட்டில் வைக்கப்போன டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது.



"அடுத்த பிள்ளையைக் கூப்பிடுங்க," என்றார் டாக்டர்.

பல் பிடுங்க வேண்டியவர்களின் பட்டியல் டீச்சர் கையில்தான் இருந்தது. இன்னும் ஆறு பெயர்கள். காலையிலிருந்து நாலு தடவை படித்துவிட்டாள்.

இப்போதுதான் கவனித்தாள். போன வாரம் வகுப்புச் சுவரில் அவளே எழுதி ஒட்டிய ரேங்க் பட்டியலிலும், நாற்காலியில் இருப்பவளோடு சேர்த்து, முதல் ஏழு பேர் இவர்கள்தான்.