அபூர்வ வெள்ளை ரகம்

மலையூர்த் தோட்டம் ஒன்றில், வாசலோரம் அஸ்ட்ரான்ஷியா என்ற குளிர்தேசப் பூச்செடியை நட்டு, பக்கத்தில் "அபூர்வ வெள்ளை ரகம்" என்று பெயர்ப்பலகை வைத்திருந்தார்கள்.

"வெயில் தாங்கலை. நிழலுக்கு மாத்தச் சொல்லி தோட்டக்காரர்கிட்ட சொல்லேன்" என்றது செடி.

"மரத்தடிக்குப் போனா என்னை யாரு படிப்பாங்க? பேசாம நில்லு" என்றது பலகை. அருகே முளைத்திருந்த பார்த்தீனியத்தைப் பார்த்து, "ஏ களையே, தள்ளி நில்லு" என்று முகம் சுளித்தது.

ஒரே மாதத்தில் செடி கருகிச் செத்தது. அந்த இடத்தில் பார்த்தீனியம் படர்ந்து வெள்ளையாய்ப் பூத்தது.

சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று பலகையைப் படித்தது. "அபூர்வ ரகமாம்" என்று களையோடு குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டது.

அவர்கள் போனதும் பலகை பார்த்தீனியத்திடம் குழைந்தது: "இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து நில்லுங்க."