தபால்காரர் வரைந்த ஆப்பிள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பல்செட் நாலு பேர் முன்னால் கழன்று விழட்டும்.

அந்த ஓவிய வகுப்பில் என்னையும் சேர்த்து மொத்தமே நாலு பேர். அவரவருக்குத் தனி மேசை, தனிப் பாடம். எட்டு வயதுச் சிறுமிகூடக் கலருக்குப் போய்விட்டாள். ரிட்டயரான தபால்காரர் மட்டும் ஆறு மாதமாகப் பென்சிலிலேயே நின்றார்.

"இன்னிக்குப் படம் சரியா வந்தா கலர்பெட்டி உங்களுக்குத்தான் சார்," என்றாள் டீச்சர்.

தபால்காரர் மேசைமேல் இருந்ததை உற்று உற்றுப் பார்த்து வரைந்து முடித்தார். உடனே ஒரு ஈ பறந்து வந்து தாளில் உட்கார்ந்தது. விரட்டியும் போகவில்லை.

சிறுமி எட்டிப் பார்த்தாள். "ஐ! தபால் தாத்தா, ஆப்பிள் சூப்பர்! காம்பு, இலை எல்லாம் இருக்கே!" என்றவள், ஆசை தாங்காமல் படத்தை ஒரு கடி கடித்தும் விட்டாள். சாறு வழிந்ததை நானே துடைத்தேன்.

டீச்சர் படத்தை வாங்கிப் பார்த்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு, "இனிமே உங்களுக்குப் பென்சிலே வேண்டாம் சார். நாளையிலேர்ந்து கலர்தான்," என்றாள்.

தபால்காரர் வீடுவரை விசிலடித்துக்கொண்டே போனார்.

அன்று அவர் வரைவதற்காக டீச்சர் மேசைமேல் வைத்திருந்தது ஒரு டீ கெட்டில்.