ஷூ போட்ட அம்மன்

ஓடிக்கொண்டிருந்த என்னை மறித்து, காலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள் அடி அண்ணாமலை கிராமத்துப் பெண்கள்.

எனக்கு முன்னால் ஓடிய காளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அட்டையில் செய்த நாக்கைக் கையில் பிடித்தபடி போய்க்கொண்டே இருந்தாள். பேங்கில் கேஷியராக இருப்பவள். யார் கூப்பிட்டாலும் நிமிர்ந்து பார்க்காத பழக்கம்.

மகளிர் தினத்துக்காக எங்கள் லேடீஸ் கிளப் நடத்திய ஓட்டம் அது. ரமணாசிரமத்தில் ஆரம்பித்து, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி முடிவுக்கோடு. ஓடுகிறவர்கள் ஏதாவது ஓர் அம்மன் வேஷத்தில் வரவேண்டும் என்பது நிபந்தனை. எனக்குப் பச்சைப் புடவை, ஜிகினா ஒட்டிய கிரீடம், தோளில் கட்டிய இரண்டு அட்டைக் கைகள், பிளாஸ்டிக் பைப்பில் சூலம். முகம் முழுக்க மஞ்சள் பூசி, நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். காலில் மட்டும் கேன்வாஸ் ஷூ.

தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அவர்கள் ஷூவைப் பார்த்தார்கள்.

"அதக் கழட்டு தாயே. இன்னொரு கொடம் ஊத்தணும்" என்றார் குடத்தோடு நின்ற அம்மாள்.

வேஷம் கட்டிக்கொண்டு தெருவில் வரும் அம்மனுக்குக் காலில் தண்ணீர் ஊற்றாமல் விடமாட்டார்கள் என்பது, இந்த ஊரிலேயே பிறந்த எனக்குத் தெரியாததா? ஓட்டம் என்றதும் சுத்தமாக மறந்துபோய்விட்டது. கிளப்பில் வேறு யாருக்காவது தோன்றியதா என்றால் அதுவும் இல்லை.

"நான் நெஜ சாமி இல்லைங்க. சும்மா வேஷம்தான்" என்றேன்.

"வேஷம் கட்டினாலே வந்து எறங்கிடுவா. நீ பேசாம நில்லு" என்று அதட்டினார் அந்த அம்மாள்.

அம்மனையே அதட்டுகிறவர்களிடம் என்ன பேசுவது? ஷூவைக் கழற்றினேன்.

நான் ஓட வந்ததே என் வலைப்பூவுக்காக. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சமையல் குறிப்பாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தவள் நான். எல்லா அளவும் ரெண்டு பேருக்கு. நடுவில் ரொம்ப நாள் எழுதவில்லை. சமையல் அலுத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு வேகத்தில், இனிமேல் சமையல் கிடையாது, இதுவரை செய்யாத ஒன்றை வாராவாரம் செய்து பார்த்து எழுதுவேன், முதல் பதிவிலேயே என் முகத்தையும் காட்டுவேன் என்று அறிவித்துவிட்டேன். பின்னூட்டத்தில் ஆளாளுக்கு வாழ்த்தினார்கள். எழுதுவதில் எனக்குப் பயமில்லை. முகத்தைக் காட்டத்தான் பயம். இந்தத் தடவையும் பின்வாங்கினால் கடையை இழுத்து மூடிவிடுவது என்று சிநேகிதி கவிநிலாவிடம் சொல்லியிருந்தேன்.

அவள் கேமராவோடு முடிவுக்கோட்டில் காத்திருந்தாள். வேஷத்தோடு ஒரு போட்டோ போட்டுவிட்டால் முகம் காட்டிய மாதிரியும் ஆகும், காட்டாத மாதிரியும் ஆகும். அதுதான் என் திட்டம்.

இங்கே கற்பூரம் ஏற்றிவிட்டார்கள். ஒருத்தி மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். இன்னொருத்தி, போர் போட்டால் தண்ணீர் வருமா என்றாள். வரும் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கும் ருசி கண்டுவிட்டது. அட்டைக் கைகளில் ஒன்று கழன்று தொங்கியதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

எல்லோருக்கும் பின்னால் தள்ளி நின்ற ஒருத்தி கடைசியாக வந்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் தட்டு இல்லை, கற்பூரம் இல்லை.

"எங்க வூட்டுக்காரரு போயி மூணு வருசமாவுது. ஒரு சின்னப் பொட்டு வச்சிக்கவா தாயே? யாரக் கேட்டாலும் வேணாங்கறாங்க" என்றாள்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்தேன்.

"வச்சிக்கோ. நான் சொல்றேன், வச்சிக்கோ" என்று அவள் நெற்றியில் நானே வைத்தேன்.

அதட்டிய அம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மன் வந்து இறங்குவாள் என்று சற்று முன்னால் சொன்னவரே அவர்தான். அப்படியே மூடிக்கொண்டார்.

அந்தப் பெண் அழவில்லை. மூக்கில் சிந்திய குங்குமத்தைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு, வெட்கமாகச் சிரித்தாள்.

ஓட்டத்தில் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது நான்தான். மற்ற அம்மன்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். கவிநிலா கேமராவைத் தூக்கினாள்.

அவளை இருக்கச் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். கிரீடத்தைக் கழற்றி, அட்டைக் கைகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மஞ்சளும் குங்குமமும் போகும்வரை முகத்தைத் தேய்த்துக் கழுவினேன். பிறகு அவளிடம் வந்து, கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு இருக்கிறதா என்று கேட்டேன்.

கவிநிலா கேமராவைக் கீழே இறக்கினாள். என் கணவர் அருண்பிரசாத் இறந்ததிலிருந்து, இன்று காலை வேஷத்துக்கு வைத்ததைத் தவிர, என் நெற்றியில் அவள் எதையும் பார்த்ததில்லை.

"உங்க வூட்ல கேட்டா என்னா சொல்லுவ?" என்றாள் மெதுவாக.

"அம்மனே வச்சிக்கச் சொல்லிட்டா, என் காதால கேட்டேன்னு சொல்லுவேன். நீ போட்டோவ எடு."