பதினோரு விநாடி

வியாழன்தோறும் குருவம்மா கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். பேசுவது அவரல்ல, கடவுள் என்பது சபையின் நம்பிக்கை. கேசட்டில் பதிவாகும் அந்தப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது தட்டச்சரின் வேலை. ஞாயிறு காலை அன்பர்கள் வீடுதோறும் அது வேதமாக வாசிக்கப்படும். கடவுளுக்கே கமா போடுகிற உத்தியோகம் என்று அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

போன வாரக் கேசட்டில் நடுவே பதினோரு விநாடி வெறும் இரைச்சல். வேதத்தில் ஓட்டை விழுந்தால் நன்றாயிருக்காதே என்று சொந்தச் சரக்கில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்: ‘போனவரைத் தேடாதே.’

ஞாயிறன்று அதை வாசித்த அவருடைய அக்கா, காணாமல்போன கணவருக்காக மூன்று வருடமாகத் தாழிடாமல் வைத்திருந்த வாசல் கதவைத் தாழிட்டாள்.

தட்டச்சருக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை டேப்ரெக்கார்டரும் கேசட்டுமாகப் போய் அக்காவிடம் உண்மையைக் கொட்டினார்.

“அந்த வரி சாமி சொன்னதில்லக்கா. நான் எழுதினது.”

“நீயா? உன் லீவு லெட்டரையே நான்தானேடா எழுதிக் கொடுப்பேன்!”

“சத்தியமாக்கா. கேட்டுப் பாரு, அந்த இடத்துல ஒண்ணுமே இருக்காது.”

போட்டுக் காட்டினார். குருவம்மாவின் குரல் நின்றது. இரைச்சல் வரவேண்டிய இடத்தில் கதவு தட்டும் சத்தம் வந்தது. பிறகு அத்தானின் குரல்.

“திறம்மா. மூணு நாளா நிக்கிறேன்.”

அக்கா விழுந்தடித்து ஓடிக் கதவைத் திறந்தாள். வெளியே ஈ, காக்கை இல்லை.

தட்டச்சர் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். இந்த முறை, படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.