வாசலில் சொல்லும் ஆங்கிலம்

ஞாயிற்றுக்கிழமை ராகுலன் பெண் கேட்டு வெள்ளவத்தைக்குப் போக வேண்டும். கொட்டாஞ்சேனைக் கடையில் சிங்களத்தில் வெளுத்து வாங்குகிறவனுக்கு, ஆங்கிலம் என்றால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் காதலி உஷாந்தியே கடற்கரையில் வைத்துப் பாடம் எடுத்தாள்.

“எங்கட வீட்டில ஒராளுக்குத் தமிழ் துண்டற விளங்காது. அவருக்குப் பிடிச்சிட்டா அலுவல் முடிஞ்சுது. போனமுறை வந்த மாப்பிள்ளை அவரைக் கண்டிட்டு வாசலோடயே திரும்பிட்டார்.”

மாமனாரை நினைத்துக்கொண்டு ராகுலன் கேட்டான்.

“சாப்பாட்டு மேசைக்கு வந்தாரெண்டா?”

“‘நோ’ எண்டு சொல்லுங்கோ.”

“அவற்ற வீட்டில அவருக்கேயோ?”

“ஓம். பேப்பரைத் தூக்கினா ‘ட்ரொப்’. வாசலுக்கு வந்தவுடன ‘சிட்’. ‘ப்ளீஸ்’, ‘சேர்’ எண்டு மரியாதை ஒண்டும் வேண்டாம். சத்தமாச் சொல்லுங்கோ. நீங்கள் பயந்தது தெரிஞ்சா அவர் ஏறி மிதிச்சிடுவார்.”

பெரிய இடத்துப் பழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று ராகுலன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தான்.

ஞாயிறு மாலை கதவு திறந்தது. பட்டு வேட்டியோடு உஷாந்தியின் அப்பா சிவபாதசுந்தரம் நின்றார். ராகுலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

“சிட்!”

அவருக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்த கன்றுக்குட்டி அளவு நாய், பொத்தென்று உட்கார்ந்தது.

“அப்பா, சீசருக்கு இவற்ற இங்கிலீஷ் விளங்கிட்டுது!” என்று கத்திக்கொண்டு உள்ளேயிருந்து உஷாந்தி ஓடி வந்தாள்.

அப்பாவும் நாய்க்குப் பக்கத்தில், வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.