லகிமா

பூஜை அறைக் கதவைத் தள்ளிய சுரேகா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவள் புருஷன் தமிழரசுக்கும் அவன் உட்காரும் கம்பளிக்கும் நடுவே ஒரு முழத்துக்கு வெறும் காற்று இருந்தது.

போட்ட சம்மணம் கலையவில்லை. கண் மூடியிருந்தது. கம்பளியின் மேல் அவன் நிழல் மட்டும் தனியாகக் கிடந்தது.

ஆவடி ஃபேக்டரி வேலையை உதறிவிட்டு மூன்று வருஷமாக இதற்காகத்தான் அவன் இந்த அறையில் உட்கார்ந்திருந்தான். உடம்பு பஞ்சாகிவிடும், அதற்குப் பெயர் லகிமா என்பான். பற்றெல்லாம் பாரம், பொண்டாட்டியும் பாரம்தான் என்பான். அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்த அன்றுகூட ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

இப்போது அவன் முழங்கால் அவள் இடுப்புக்கு மேலே போய்விட்டது. உச்சியில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

கத்த வாயெடுத்தாள். கூப்பிட்டால் பொத்தென்று விழுந்துவிடுவானோ? வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுவிட்சை அணைத்தாள். இறக்கைகள் உடனே நிற்கவில்லை. அவன் தலைமுடி அந்தக் காற்றில் பறந்தது. இன்னும் ஏறினான்.

பாய்ந்து அவன் பாதத்தை இரண்டு கையாலும் பற்றினாள். ஜில்லென்றிருந்தது. கனமே இல்லை. ஆனாலும் அத்தனை பெரிய உடம்பு அவளையும் சேர்த்து மேலே இழுத்தது. அவளுடைய குதிகால்கள் தரையைவிட்டு எழும்பின. பெருவிரலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினாள்.

அவன் தலைக்கு ஒரு சாண் மேலே ஃபேன் நின்றது.

தமிழரசு கண்ணைத் திறந்தான். ஞானம் வந்தவன் கண்ணில் ஏதோ ஒளி தெரியும் என்று அவனே சொல்லியிருக்கிறான். அப்படி எதுவும் இல்லை. கிணற்றில் விழுந்தவன் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"உட்றாத சுரேகா... எறங்கத் தெரில."

தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. ஆட்டோக்காரர்தான்.

ஹாலில் அவள் பெட்டி தயாராக நின்றது. மாங்காட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் இந்தக் கதவைத் திறந்தாள்.

போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஆட்டோ திரும்பிப் போகும் சத்தமும் தேய்ந்தது.

அவள் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன.