வாஷிங்டன் பட்டாளம்

"லாரிச் சத்தம் கேக்குதா பாருடி, நெல்டா!"

"லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் சட்டி கருகுற சத்தம்தான் கேக்குது."

ஓபல் ஓடிப்போய்க் கோழித் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள். ஒரு பக்கம் கறுத்தே போயிருந்தது. காலையிலிருந்து எந்த வேலையும் கையில் நிற்கவில்லை. அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்து கால் கடுத்தது. ஜன்னலுக்கு வெளியே, பருத்திக் காட்டைத் தாண்டி நெடுஞ்சாலை தெரிந்தது. வாஷிங்டனிலிருந்து பட்டாளம் வந்தால் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு கறுப்பினப் பெண்ணைச் சேர்க்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. முடியாது என்று, மாநிலத்தை ஆளும் கவர்னர் தன் காவல்படையைப் பள்ளி வாசலில் நிறுத்தியிருந்தார். அந்த வரிசையில்தான் ஓபலின் ஒரே மகன் வெண்டல் நின்றான். அவனுக்குத் தீவனக் கடையில் மூட்டை தூக்குகிற வேலை. காவல்படைப் பயிற்சிக்கு மாதம் ஒரு நாள் போய்வருவான். ஆற்றில் வெள்ளம் வந்தபோது மணல் மூட்டை அடுக்கியதுதான் அவன் கண்ட போர்.

"நேத்து பேப்பர்ல வெண்டல் போட்டோ பாத்தேன். துப்பாக்கியோட என்ன ஒரு மிடுக்கு!" என்றாள் பக்கத்து வீட்டு நெல்டா.

"நானும்தான் அதை ஊர் பூரா காட்டிட்டுத் திரிஞ்சேன். இப்ப அந்தப் பேப்பரை எடுத்துப் பாக்கவே பயமா இருக்கு."

ரேடியோ மறுபடியும் அதையே சொன்னது. ஜனாதிபதி உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பெண் இன்று ராணுவப் பாதுகாப்போடு பள்ளிக்குள் செல்வாள்.

"இவர் யாரு கையெழுத்துப் போட? பள்ளிக்கூடம் நம்ம மாநிலத்து விஷயம். சண்டை போடட்டும், நோட்டு அடிக்கட்டும், தபால் கொண்டாந்து குடுக்கட்டும். வாஷிங்டனுக்கு அதோட வேலை முடிஞ்சுது" என்றாள் ஓபல்.

"அப்படி இல்லையாம்டி. எல்லாருக்கும் ஒரே நியாயம்னு அரசியல் சட்டத்துல இருக்காம். மாநிலம் அதை மீறுனா மத்திய அரசு வந்து கேக்கலாமாம். எங்க வீட்டுக்காரர் சொன்னார்."

"உன் வீட்டுக்காரர் எந்தப் பக்கம்?"

"அவரா? சோறு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம்."

ஓபலுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அங்கேர்ந்து வர்றவனுங்க கொரியாவுல சண்டை போட்டவனுங்க. எம்புள்ளை கோழி அறுக்கும்போதே கண்ண மூடிக்குவான். கவர்னர் 'விடாதே'ம்பார். வர்றவன் 'வழிய விடு'ம்பான். நடுவுல துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கிறது எம்புள்ளைதானே?"

"அதுக்கு என்ன பண்ணப் போற?"

"வயித்துவலின்னு சொல்லி இழுத்துட்டு வந்துடப் போறேன்."

கருகிய துண்டுகளை ஒதுக்கிவிட்டு மீதியைக் கூடையில் போட்டுக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

பள்ளிப் படிக்கு ஒரு பக்கமாக இருந்த புல்வெளி முழுக்க ஊர் ஜனம். நேற்று அவர்களோடு நின்று கைதட்டியவள்தான் அவளும். கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, சாலையைப் பார்த்துக் காவல்படை வரிசையாக நின்றது. துப்பாக்கிமுனைக் கத்திகள் வெயிலில் பளபளத்தன. பின்னாலிருந்து பார்த்தாலும் மகனின் சிவந்த கழுத்தை அவளுக்குத் தெரியாதா?

"வெண்டல்! டேய், இந்தப் பக்கம் பாருடா!"

அவன் திரும்பவில்லை. வரிசைக்கு முன்னால் மேஜர் ஒரு தாளை வைத்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் கூச்சலில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

"வந்துட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

ஓபலுக்கு உயிரே போய்விட்டது. எட்டிப் பார்த்தாள். லாரி இல்லை, பீரங்கி இல்லை. ஒரு பழைய கார் மட்டும் வந்து நின்றது. மஞ்சள் கவுன் போட்ட அந்தப் பெண், புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினாள்.

'பட்டாளம் பின்னாலேயே வரும். இப்ப விட்டா புள்ளை கிடைக்க மாட்டான்.' ஓபல் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வரிசைக்குப் பின்னால் போய் நின்றாள்.

மேஜர் தாளை மடித்தார். ஒரே ஓர் அதட்டல் போட்டார்.

மொத்த வரிசையும் ஒன்றாகத் திரும்பியது. சாலையைப் பார்த்திருந்த கத்திமுனைகள் இப்போது கூட்டத்தைப் பார்த்தன. அதில் ஒன்று ஓபலின் கூடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"ஒரு அடி பின்னால போங்க, மேடம்."

"மேடமா? டேய், நான் உங்கம்மாடா! துப்பாக்கியக் கீழ போட்டுட்டு வா. வாஷிங்டன் பட்டாளம் வந்துட்டா உன்னைச் சுட்டுருவாங்கடா!"

 வெண்டல் துப்பாக்கியைத் தாழ்த்தவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் அந்த மஞ்சள் கவுன் சாலையோரமாக மெல்ல நடந்து பள்ளிப் படியேறியது.

"வேற யாரும் வர மாட்டாங்கம்மா," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "ஜனாதிபதி கவர்னர் கையிலேர்ந்து எங்களையே தன் படையா எடுத்துக்கிட்டார். இப்ப நாங்கதான் வாஷிங்டன் பட்டாளம்."